கணக்குப் பிழைக்குக் குணக்கேடு என்று பெயரா?



சீமையில் யாரோ வரிக் கணக்கைத் தப்பாக எழுதினார்களாம். அதற்காக அவர்களை நாட்டை விட்டே போகச் சொன்னார்களாம். இதைப் பற்றித் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் பத்திரிகை ஏன் எழுத வேண்டும்? சாலை பஜாரில் மூட்டை சுமப்பவருக்கும், செங்கல்சூளையில் குடியிருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும், லண்டன் வரி அலுவலகத்துக்கும் என்ன உறவு? சிலர் இப்படிக் கேட்கலாம்.

உறவு உண்டு. அன்று களியக்காவிளை தாண்டி வந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று நர்சிங் படித்தும் கம்ப்யூட்டர் படித்தும் கடல் தாண்டிப் போகிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து அனுப்புகிறோம். அங்கே வருஷக்கணக்கில் உழைத்துவிட்டு, நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு, நம் பிள்ளைகள் ‘பி.ஆர்.’ என்று சொல்கிறார்களே அதற்காக, மனுப் போடுகிற நாளில், என்றோ தாக்கல் செய்த ஒரு வரிக் கணக்கு எழுந்து வந்து வழியை மறிக்கிறது. வளைகுடாவுக்குப் போன தலைமுறைக்கு இந்தத் தொல்லை தெரியாது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை, நிரந்தரமாகத் தங்கும் பேச்சும் பெரும்பாலும் இல்லை. எனவே நம் குடும்பங்களில் இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். காகிதத்தில் பிழை இருந்தால் அது காகிதத்தின் பிழையா, ஆளின் நாணயத்தின் பிழையா? விசாரிக்காமலே இரண்டாவது என்று முடிவுகட்டும் உரிமையை அதிகார வர்க்கத்துக்கு யார் கொடுத்தது?

நடந்தது என்ன?

2008இல் பிரிட்டிஷ் அரசு ‘டியர் ஒன் ஜெனரல்’ என்ற விசாவைத் தொடங்கியது. படிப்பு, வருமானம், வயது, ஆங்கிலம் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு, போதுமான மதிப்பெண் பெற்றவரை அழைத்துக்கொண்டது. முதலாளி ஒருவரின் கடிதம் தேவையில்லை. சம்பளத்துக்கும் உழைக்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா ஆகிய நாடுகளிலிருந்து எஞ்சினியர்களும் கணக்கர்களும் ஆசிரியர்களும் போனார்கள். அழைத்த அரசே 2010 டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கும், 2011 ஏப்ரலில் நாட்டுக்குள்ளிருந்து புதிதாக விண்ணப்பிப்போருக்கும் கதவைச் சாத்தியது. உள்ளே இருந்தவர்கள் நிரந்தர உரிமை கேட்கக் கடைசி நாள் 2018 ஏப்ரல் 6 என்று குறித்தது.

இந்த விசாவை நீட்டிக்க, வருமானத்தை உள்துறை அமைச்சகத்துக்குக் காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 15 மாதத்தில் தொடர்ந்து வரும் ஏதாவது 12 மாதத்தைத் தேர்ந்துகொண்டு அந்த வருமானத்தைக் காட்டலாம் என்பது விதி. வரித் துறைக்கோ கணக்கு வேறு. அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். ஆக, ஒரே மனிதனின் ஒரே உழைப்பு, ஓர் அலுவலகத்தில் ஒரு கால அளவிலும் மற்ற அலுவலகத்தில் வேறு கால அளவிலும் எழுதப்பட்டது. சொந்தத் தொழில் செய்தவர் செலவைக் கழிக்குமுன் ஒரு தொகை, கழித்தபின் ஒரு தொகை. இத்தனையும் போதாதென்று, பெரும்பாலோர் இந்த இரண்டு வேலையையும் ஓர் ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, தாங்கள் இரவுபகலாக உழைக்கப் போய்விட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து நிரந்தர உரிமை கேட்டபோது, அமைச்சகம் வரித் துறையிலிருந்து பழைய கணக்கை வரவழைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. வேறுபாடு கண்டதும் குடியேற்ற விதிகளில் 322ஆம் பத்தியின் 5ஆம் உட்பிரிவை எடுத்து வீசியது. அந்த விதி எதற்கு இருந்தது தெரியுமா? ஒருவனுடைய நடத்தை, குணம், சேர்க்கை ஆகியவற்றாலோ தேச பாதுகாப்புக்கு ஆபத்தானவன் என்பதாலோ அவனை நாட்டில் வைத்திருப்பது தகாது என்று சொல்வதற்கு. பயங்கரவாதிக்கும் குற்றவாளிக்கும் நீட்டிய தடியை, வரிப் படிவத்தில் எண் மாறியவன் தலையிலும் இறக்கினார்கள்.

அமைச்சகம் 2018 நவம்பரில் வெளியிட்ட தன் பரிசீலனை அறிக்கையிலேயே, இப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,700 பேர் என்று ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் ஒரு மனைவியோ கணவனோ, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

நிராகரிப்பு என்றால் என்ன?

வெறும் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வருவதாக நினைத்துவிட வேண்டாம். மறுபரிசீலனை மனுவும் தோற்றபின், வேலை செய்யும் உரிமை போகிறது. 2014, 2016ஆம் ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்களால் வீட்டை வாடகைக்கு எடுக்கும் உரிமையும் வங்கிக் கணக்கும் போகின்றன. இலவச மருத்துவம் போகிறது. அங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் நிரந்தர உரிமை பெற்றால் உடனே குடியுரிமை கேட்கலாம். இல்லாவிட்டால் அதற்குப் பத்து வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அப்பாவின் பழைய வரிக் கணக்குக்காகக் குழந்தை தண்டனை அனுபவிக்கிறது. ‘குணம் சரியில்லாதவர்’ என்ற முத்திரையோ வேறு எந்த நாட்டு விசாவுக்கு மனுப் போட்டாலும் நிழல்போல் கூடவே வருகிறது.

திறந்த நீதிமன்றத்தில் சாட்சி வைத்து வழக்காடவும் பெரும்பாலோருக்கு முழுமையான மேல்முறையீட்டு உரிமை இருக்கவில்லை. அமைச்சகத்தின் முடிவை அமைச்சகமே திரும்பிப் பார்க்கும் மறுபரிசீலனை. அது தவறினால் பெரும் பணச் செலவில் நீதிப்பேராணை வழக்கு. குற்றம் சாட்டியவரே நீதிபதி என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

வரிச் சட்டத்துக்கு இருக்கும் நிதானம்

வரியில் பிழை செய்தவனைத் தண்டிக்க பிரிட்டிஷ் வரித் துறைக்கே சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் பிழைகளைத் தரம் பிரிக்கிறது. தக்க கவனம் எடுத்தும் பிழை நேர்ந்தால் அபராதம் கிடையாது. கவனக்குறைவு என்றால் விடுபட்ட வரியில் 30 சதவீதம் வரை அபராதம். வேண்டுமென்றே செய்தது என்றால் 70 சதவீதம் வரை. வேண்டுமென்றே செய்து மறைக்கவும் முயன்றால் 100 சதவீதம் வரை. தானே முன்வந்து சொன்னவனுக்கு அபராதம் குறையும். தாக்கல் செய்த கணக்கை, கடைசித் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் திருத்தவும் வழி உண்டு. நம் நாட்டு வருமான வரிச் சட்டத்திலும் திருத்திய கணக்கு தாக்கல் செய்ய இடம் இருக்கிறது. பிழை மனித இயல்பு என்பதை வரி வசூலிக்கிறவனே அறிந்து வைத்திருக்கிறான்.

அதே அரசின் இன்னொரு கட்டடத்தில் இருக்கும் அதிகாரிக்கு இந்தத் தரம் எதுவும் கண்ணில் படவில்லை. அவர் தராசில் எல்லாம் ஒரே எடை. கணக்கைத் திருத்தாமல் விட்டவனைப் பார்த்து, ‘ஏமாற்றினாய்’ என்றார். தானே போய்த் திருத்தி, வட்டியோடு பாக்கியைக் கட்டியவனைப் பார்த்து, ‘நிரந்தர உரிமைக்காக இப்போது நாடகமாடுகிறாய்’ என்றார். திருத்தாவிட்டால் திருட்டு, திருத்தினால் தந்திரம்! இதற்குப் பெயர் நியாயமா?

வரித் துறை பணத்தைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்த பிறகு, அதே பிழைக்கு மற்றொரு துறை குடும்பத்தையே நாடு கடத்துவது ஒரு குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை. அந்நாட்டுக் குடிமகன் இதே பிழையைச் செய்தால் அபராதத்தோடு வீடு திரும்புவான். புலம்பெயர்ந்தவனுக்குத்தான் வீடே இல்லாமல் போகிறது.

பொய் சொன்னவர்களே இல்லையா?

எதிர்த்தரப்பு வாதத்தை நாம் மறைக்கப் போவதில்லை. விசாவுக்காக வருமானத்தை ஊதிக் காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். வரியை மிச்சப்படுத்தக் குறைத்துக் காட்டியவர்களும் இருந்திருக்கிறார்கள். நிராகரிக்கப்பட்ட மனுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் வேறுபாடு 10,000 பவுண்டுக்கும் மேல் இருந்தது என்று அமைச்சகம் சொன்னது. அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கண்டு சந்தேகப்படுவது தவறு என்று நாம் வாதிடவில்லை. தெரிந்தே பொய்க் கணக்கு எழுதியவருக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. அவர்கள் செய்த காரியத்தால் ஒழுங்காக வரி கட்டிய ஆயிரம் பேரும் அல்லவா சந்தேகத்துக்கு ஆளானார்கள்?

ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ‘இந்த இரண்டு தொகையும் ஏன் மாறுகின்றன? பதில் சொல்’ என்று கேட்க ஒரு தபால் தலை செலவாகும். அந்தத் தபால் தலையைச் செலவழிக்க மனமில்லாமல் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தினார்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

நாம் மட்டும் சொல்லவில்லை. பாலாஜிகாரி வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில் 2019 ஏப்ரல் 16ஆம் தேதி இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே சொன்னது. வருமான வேறுபாடு சந்தேகத்துக்கு இடம் தரலாம். ஆனால் வேறுபாடு இருக்கிறது என்பதிலிருந்து நேராக ‘நாணயமற்றவர்’ என்ற முடிவுக்குத் தாவுவது சட்டப்படி பிழை என்றது. சந்தேகத்தை முன்கூட்டியே தெரிவித்து, விளக்கம் தர வாய்ப்பளித்து, அந்த விளக்கத்தை எடைபோட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றது. நாணயக்கேடு நிரூபணமானாலும், அது நாட்டில் இருக்கவே தகாத அளவுக்குப் பெரிதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும் என்றும் கூறியது.

இந்தத் தீர்ப்பு தானாக வந்துவிடவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி, பார்லிமெண்டுக்கு எதிரே பதாகை பிடித்து நின்றார்கள். 2018 ஏப்ரலில்தான், கரீபியன் தீவுகளிலிருந்து வந்து வாழ்நாள் முழுதும் உழைத்த முதியவர்களைக் காகிதம் இல்லையென்று துரத்திய ‘விண்ட்ரஷ்’ அவமானம் வெடித்து, உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகியிருந்தார். அந்தச் சூட்டில்தான் இவர்கள் குரலும் எடுபட்டது. கூடிக் கேட்டால் காது திறக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இது புதிய தந்திரமா?

காகிதத்தில் ஓட்டை தேடி உழைப்பாளியின் உரிமையைப் பறிப்பதைத் தமிழன் இன்று நேற்று பார்க்கவில்லை. இலங்கையில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், மணமானவராயின் 7 வருஷமும் மணமாகாதவராயின் 10 வருஷமும் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. லயத்து அறையில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவனிடம் ஏது பத்திரம்? 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் போடப்பட்டன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. மிஞ்சியவர்களின் கதியை 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் தீர்மானித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடுபோல் எண்ணிப் பிரித்தார்கள்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நமக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்று 1976இல் புனலூரில் ரப்பர் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே பால் வெட்டும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு காகிதம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று.

நம் ஊரிலேயே என்ன வாழ்கிறது? அக்ஷயா மையத்தில் இனிஷியல் ஒன்றை மாற்றி அடித்துவிட்டால், ரேஷன் கார்டுக்கும் பள்ளிச் சர்டிபிகேட்டுக்கும் இடையே எத்தனை நடை! வில்லேஜ் ஆபீசில் ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்ற கேள்வி முதலில் வருகிறதா, இல்லையா? லண்டன் அதிகாரியின் கண்ணாடியும் இந்த நாற்காலிக்காரரின் கண்ணாடியும் ஒரே கடையில் வாங்கியவை.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை

322(5) என்ற எண் 2020 டிசம்பர் 1 முதல் விதிப் புத்தகத்தில் இல்லை. ஆனால் நடத்தை, குணம் பற்றிய அதிகாரமும், பொய்த் தகவல் என்று தள்ளும் அதிகாரமும் புதிய அத்தியாயத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கை, நிரந்தர உரிமைக்கான காத்திருப்பைப் பொதுவாக 5 வருஷத்திலிருந்து 10 வருஷமாக்க முன்மொழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஆலோசனை ஆவணம், வரிக் கடன் பாக்கி இருக்கக்கூடாது என்பதையும் நிபந்தனையாக்கப் பார்த்தது. காத்திருக்கும் வருஷம் கூடினால் பிழை நேரும் வருஷமும் கூடும்.

மற்ற நாடுகளும் சளைத்தவை அல்ல. கனடாவில் குடியுரிமை கேட்பவர், கடமை இருந்தால், ஐந்து வருஷத்தில் மூன்று வருஷத்துக்காவது வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் வரிக் கணக்கில் ‘இங்கே வசிக்காதவர்’ என்று தன்னைக் காட்டிக்கொண்டால், நிரந்தர உரிமையையே கைவிட்டவராகக் கருத இடம் உண்டு. தப்பான படிவம் ஒன்றை எடுத்ததற்கு இந்த விலை!

தரகர்களின் அறுவடை

இன்னொரு கூட்டத்தையும் நாம் சும்மா விடப் போவதில்லை. ‘எல்லாம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்’ என்று தோளில் கைபோடும் ஏஜெண்டும், நூறு பேருக்கு ஒரே அச்சில் கணக்கு வார்த்துத் தரும் ஆடிட்டரும் நம் மொழி பேசுவதால் மட்டும் நம்மவர் ஆகிவிட மாட்டார்கள். விசாவுக்கு ஏற்றிக் காட்டவும் வரிக்கு இறக்கிக் காட்டவும் யோசனை சொல்பவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். கடிதம் வரும் நாளில் கையெழுத்துப் போட்டவன்தான் நிற்க வேண்டும். 2018இல் கான் என்பவரின் வழக்கில் அங்குள்ள மேல் தீர்ப்பாயம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆடிட்டர் மேல் பழி போட்டால் மட்டும் போதாது. ஆடிட்டரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எங்கே? வரி பாக்கி இவ்வளவு குறைவாக வந்தபோது சந்தேகம் வரவில்லையா? பிழையை எப்போது கண்டு, எப்போது திருத்தினாய்? இவற்றுக்கெல்லாம் பதில் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்கு நம் குடும்பங்கள் இன்றே சொல்லி வைக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு வருஷத்து வரிக் கணக்கின் நகலும், ஆடிட்டருக்கு எழுதியதும் அவர் எழுதியதும், வங்கிக் கணக்குத் தாளும் நிரந்தர உரிமை கைக்கு வரும்வரை, அதற்குப் பிறகும், பத்திரமாக இருக்கட்டும்.

2. குடியேற்ற அலுவலகத்துக்கு வருமானம் எழுதும்போது, வரி அலுவலகத்துக்கு எழுதியதைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். கால அளவால் தொகை மாறினால், மாறுகிற காரணத்தை அப்போதே எழுதி இணையுங்கள்.

3. சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள் என்று சும்மா இருந்துவிட வேண்டாம். ஓய்வு நேரத்தில் செய்யும் சொந்த வேலைக்கும் கணக்கு உண்டு.

4. பிழை கண்ணில் பட்ட வருஷமே திருத்துங்கள். பி.ஆர். மனுவுக்கு முதல் நாள் திருத்தினால் யாரும் நம்பமாட்டார்கள்.

5. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் ஏஜெண்டிடம் ஓடாதீர்கள். பிரிட்டனில் வழக்கறிஞரோ, அரசின் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவரோதான் இதில் ஆலோசனை சொல்லலாம். பதில் சொல்லத் தரும் நாள் குறைவு. ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம்.

நம் கோரிக்கைகள்

எச்சரிக்கையாக இருப்பது நம் கடமை. அதனால் அரசுகளின் கடமை தீர்ந்துவிடாது.

பிரிட்டிஷ் அரசே! வரியில் பிழை என்றால் வரிச் சட்டப்படி தண்டித்துவிட்டு நிறுத்து. நாணயக்கேடு என்று சந்தேகித்தால் முதலில் கேள். முழு மேல்முறையீட்டு உரிமையைக் கொடு. முடிவு வரும்வரை வேலையையும் வீட்டையும் பறிக்காதே.

இந்திய அரசே! 2025 ஜூலை 24இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாய். விஸ்கிக்கும் காருக்கும் தீர்வை பேசத் தெரிந்த உனக்கு, வரிப் படிவத்தின் பெயரால் குணக்கேடர் என்று முத்திரை குத்தப்படும் உன் மக்களுக்காகப் பேச நாக்கு எழாதா?

கேரள அரசே! நோர்க்கா நடத்தும் பயணத்துக்கு முந்தைய வகுப்பில் போகும் நாட்டு வரிக் கணக்கையும் ஒரு பாடமாக்கு, தமிழிலும் நடத்து. தமிழக அரசே! அயலகத் தமிழர் நல வாரியத்தின் வழியே இதற்கு ஓர் ஆலோசனை மேசை வை. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளை எந்த அரசின் பிள்ளை என்று இரு தரப்பும் கைகாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நம் சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களைக் கூட்டி இந்தச் செய்தியைப் படித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கும் இது போய்ச் சேர வேண்டும். ‘வரிக் கணக்கு எழுதி முடித்தாயா, நகல் வைத்திருக்கிறாயா?’ என்று போனில் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

காகிதத்தில் கவனமாக இருப்போம். அந்தக் காகிதத்தைக் காட்டி நம் நாணயத்தை விலை பேச வருகிறவனிடம் ஒன்றுபட்டுக் கணக்குக் கேட்போம்!